அமெரிக்கப் பொருளாதாரத்தை நடத்துவது சந்தையா, அரசியலா? ஒரு சோயா ஊரிலிருந்து சில குறிப்புகள்

கேள்வி: 2025 செப்டம்பர் 26

என் அண்ணன் நியூஜெர்சியில் 20 வருடமாக இருக்கிறார். யார் அதிபராக வந்தாலும் அமெரிக்கப் பொருளாதாரம் தன் போக்கில்தான் போகும், எல்லாவற்றையும் சந்தை பார்த்துக்கொள்ளும், அரசியல் என்பது டிவிக்கான சத்தம் என்கிறார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அங்கே இருப்பவர்கள் கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள்.

2025 செப்டம்பர் 27

உங்கள் அண்ணனை ஒருமுறை இல்லினாய் பக்கம் வரச் சொல்லுங்கள். நான் இருப்பது புளூமிங்டன், மெக்லீன் கவுண்டி. ஊருக்குள் காப்பீட்டு அலுவலகங்கள், அவற்றை நம்பி வந்த எங்களைப் போன்ற மென்பொருள்காரர்கள், பொங்கல் விழாவுக்கு அரங்கம் நிறைகிற அளவுக்குத் தமிழ்க் குடும்பங்கள். ஊர் எல்லையைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டிய வரை மக்காச்சோளமும் சோயாவும்தான். நாட்டிலேயே இந்த இரண்டும் அதிகமாக விளையும் கவுண்டிகளில் இதுவும் ஒன்று. என் வேலை பயிர்க் காப்பீட்டு மென்பொருள் என்பதால் சோயா விலையைப் பார்க்காமல் எனக்கு ஒரு வாரமும் போகாது.

இப்போது அறுவடை நேரம். லாரி லாரியாக சோயா எலிவேட்டருக்குப் போகிறது (பெரிய தானியக் கிடங்கை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்). அங்கே விவசாயிக்குக் கிடைக்கும் விலை இரண்டு பகுதியாக அமைகிறது. ஒன்று, சிகாகோ முன்பேரச் சந்தையின் விலை (பின்னால் கொடுக்கப்போகும் சரக்குக்கு முன்கூட்டியே விலை பேசும் சந்தை அது). மற்றொன்று, அந்த ஊரில் அன்றைக்கு எவ்வளவு கழிப்பார்கள் என்பது. அதற்குப் பேசிஸ் என்று பெயர். வாங்க ஆள் நிறைய இருந்தால் கழிவு குறையும், ஆள் இல்லையென்றால் கூடும்.

இந்த வருடம் முக்கியமான ஆளே இல்லை. 2024இல் சீனா அமெரிக்காவிடம் சுமார் 1,260 கோடி டாலருக்கு சோயா வாங்கியது. அமெரிக்காவின் மொத்த சோயா ஏற்றுமதியில் அது ஏறக்குறைய பாதி. இந்த வருடப் புது விளைச்சலுக்கு இதுவரை ஒரு கப்பல் கூட அவர்கள் பதிவு செய்யவில்லை. மழையோ பூச்சியோ இதற்குக் காரணமில்லை. ஏப்ரலில் வாஷிங்டன் சீனப் பொருள்கள் மீதான வரியை 145 சதவீதம் வரை ஏற்றியது, பெய்ஜிங் பதிலுக்கு 125 வரை போனது. மே மாதம் ஜெனீவாவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் குறைத்துக்கொண்டார்கள். ஆனால் சோயா மட்டும் பிரேசிலோடு போட்டி போட முடியாத வரியிலேயே நின்றுவிட்டது.

இந்த வாரம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அர்ஜென்டினா தன் தானிய ஏற்றுமதி வரியைச் சில நாளைக்கு நீக்கியது. சீன வியாபாரிகள் உடனே புகுந்து கப்பல் கப்பலாக வாங்கிவிட்டார்கள். அதே வாரத்தில்தான் அமெரிக்க நிதியமைச்சர், அர்ஜென்டினாவின் நாணயத்தைக் காப்பாற்ற 2,000 கோடி டாலர் ஏற்பாடு பற்றிப் பேசுகிறார். எங்கள் பக்கத்து விவசாயிகளுக்கு எவ்வளவு கோபம் என்று அங்கிருந்து உங்களால் ஊகிக்க முடியாது. அரசியல் வெறும் சத்தம் என்று அவர்கள் முன்னால் யாரும் சொல்ல முடியாது.

2025 செப்டம்பர் 27, இரவு

சோயா விலையைச் சொல்லும் புஷல் என்ற அளவு எவ்வளவு என்று கேட்டிருந்தார்கள்: ஒரு புஷல் சோயா என்பது 60 பவுண்டு, அதாவது 27 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். மக்காச்சோளத்துக்கு 56 பவுண்டு. இங்கே விலை எல்லாம் புஷல் கணக்கில்தான்.

2025 செப்டம்பர் 29

இது முதல் தடவை இல்லை. 2018ஐ எழுதாவிட்டால் இந்த வருடம் புரியாது.

2018 ஜூலை 6ஆம் தேதி அமெரிக்கா 3,400 கோடி டாலர் மதிப்புள்ள சீனப் பொருள்களுக்கு 25 சதவீத வரி போட்டது. அதே நாளில் சீனா அமெரிக்க சோயாவுக்கு 25 சதவீதம் போட்டது. ‘பீக் பெகாசஸ்’ என்று ஒரு கப்பல், சுமார் 70,000 டன் அமெரிக்க சோயாவோடு, வரி அமலாகும் முன் சீனாவின் டாலியன் துறைமுகத்தைப் பிடித்துவிட வேண்டும் என்று ஓடியது. பிடிக்க முடியவில்லை. சரக்கை இறக்காமல் ஒரு மாதம் போலக் கடலிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. இங்கே பலர் அந்தக் கப்பலின் இருப்பிடத்தை இணையத்தில் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்தேன்.

என் வேலையில் இது எப்படித் தெரிந்தது என்றால்: பயிர்க் காப்பீட்டில் பிப்ரவரி மாதத்து சராசரி முன்பேர விலையை அடிப்படையாக வைப்பார்கள். 2018இல் சோயாவுக்கு அது புஷலுக்கு 10.17 டாலர். அக்டோபரில் அறுவடை விலை கணக்கிட்டபோது 8.60. ஏறக்குறைய 15 சதவீத வீழ்ச்சி. அதிகபட்சமாகக் கிடைக்கும் காப்பே 85 சதவீதம்தான். அதாவது முதல் 15 சதவீத நஷ்டம் விவசாயியுடையது, அதற்கு மேல் போனால்தான் காப்பீடு. விலைச் சரிவு சரியாக அந்தக் கோட்டில் வந்து நின்றது. அந்த வருடம் இல்லினாயில் விளைச்சல் வேறு அமோகம். விளைச்சல் நன்றாக இருந்தால் வருமானக் கணக்கு (விளைச்சல் பெருக்கல் விலை) கோட்டுக்குக் கீழே இறங்காது, இழப்பீடும் வராது. கையில் நல்ல விளைச்சல், விலை இல்லை, காப்பீடும் இல்லை. வானம் பொய்த்தால் என்ன செய்வது என்று யோசித்துக் கட்டிய திட்டம் அது. சொந்த அரசாங்கம் வாடிக்கையாளரோடு சண்டை போட்டால் என்ன செய்வது என்று அதில் யாரும் யோசித்திருக்கவில்லை.

சீனாவுக்கான சோயா ஏற்றுமதி 2017இல் சுமார் 1,220 கோடி டாலர். 2018இல் சுமார் 310 கோடி.

2025 அக்டோபர் 2

“அரசாங்கம்தான் நஷ்டஈடு கொடுத்ததே, பிறகென்ன நஷ்டம்?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

கொடுத்தார்கள். 2018இல் 1,200 கோடி, 2019இல் 1,600 கோடி என்று அறிவித்தார்கள். சோயாவுக்கு முதல் வருடம் புஷலுக்கு 1.65 டாலர். மக்காச்சோளத்துக்கு எவ்வளவு தெரியுமா? புஷலுக்கு 1 சென்ட். இரண்டையும் மாற்றி மாற்றி விதைக்கிற ஆள், அந்த வருடம் எந்த நிலத்தில் எதை விதைத்திருந்தார் என்பதை வைத்து அவர் தலையெழுத்து மாறியது.

பணம் வாஷிங்டனிலிருந்து வந்தது, ஆனால் எல்லாம் உழுதவர் கையில் தங்கவில்லை. இங்கே பாதிக்கு மேல் குத்தகை நிலம். உதவித்தொகை வருகிறது என்று தெரிந்தால் நிலத்துக்காரர் குத்தகையை இறக்க மாட்டார். விலை விழுந்த வருடத்திலும் குத்தகை அப்படியே நின்றதற்கு அது ஒரு காரணம் என்று என் பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்வார். அவர் மகன்கள் இப்போதும் விவசாயம்தான் பார்க்கிறார்கள், நிலத்தில் பெரும்பங்கு குத்தகை.

அதைவிட முக்கியமானது வேறு. நஷ்டஈடு ஒரு வருடத்து விலையை ஈடு கட்டும். போன வாடிக்கையாளரைத் திருப்பிக் கூட்டி வராது. 2016இல் சீனா இறக்குமதி செய்த சோயாவில் 40 சதவீதம் அமெரிக்காவுடையது. 2024இல் 20 சதவீதம் சொச்சம். நடுவில் 2020 ஜனவரியில் ஒரு ஒப்பந்தம் போட்டு, இரண்டு வருடத்தில் 2017 அளவைவிடக் கூடுதலாக 20,000 கோடி டாலருக்கு வாங்குகிறோம் என்று சீனா கையெழுத்துப் போட்டது. விவசாயப் பொருள்களில் ஓரளவு நெருங்கி வந்தார்கள். மொத்தத்தில் சொன்னதில் 60 சதவீதத்தைக் கூடத் தொடவில்லை.

நேற்று முதல் மத்திய அரசு முடக்கம் (செலவுக்குப் பணம் ஒதுக்கும் சட்டம் நிறைவேறாததால் அலுவலகங்களை மூடுவது). விவசாயிகள் கடனுக்கும் உதவித்தொகைக்கும் போகிற கவுண்டி அலுவலகத்தைப் பூட்டிவிட்டார்கள். அதுவும் அறுவடை நேரத்தில்.

2025 அக்டோபர் 5

சரி, பிரேசில் எப்படி இவ்வளவு பெரிய ஆளானது? சந்தைதான் பிரேசிலை வளர்த்தது என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்குத் தெரிந்த கதை வேறு. அது வாஷிங்டனில் தொடங்குகிறது, அதிபர் நிக்சன் காலத்தில்.

1972 கோடையில் சோவியத் யூனியனில் விளைச்சல் கெட்டது. அவர்கள் சத்தமில்லாமல் வந்து அமெரிக்கக் கோதுமையை மலை மலையாக வாங்கிப் போனார்கள், அதுவும் அமெரிக்க அரசின் ஏற்றுமதி மானியத்தோடு. அதே சமயம் பெரு நாட்டுக் கடலில் எல் நினோ வந்து நெத்திலி மீன் ஒழிந்துபோனது. அந்த மீனைக் காய வைத்து அரைத்த தூள்தான் அன்றைக்கு உலகம் முழுக்கக் கோழிக்கும் பன்றிக்கும் புரதத் தீவனம். அது இல்லையென்றால் அடுத்தது சோயாப் பிண்ணாக்கு. எல்லோரும் சோயாவுக்குப் பாய்ந்தார்கள். 1973 ஜூனில் சோயா புஷல் 12 டாலரைத் தாண்டியது.

உள்நாட்டில் நிக்சன் ஏற்கெனவே விலைக் கட்டுப்பாடு வைத்திருந்தார். அந்த ஜூனில் மறுபடி விலைகளை உறைய வைத்தார். கடையில் கோழி விலையை ஏற்றக் கூடாது, ஆனால் தீவன விலை ஏறிக்கொண்டே போகிறது. டெக்சாஸில் கோழிக் குஞ்சுகளை வளர்ப்பதைவிடக் கொல்வது மலிவு என்று தண்ணீரில் அமுக்கிக் கொன்றார்கள், நாடு முழுக்க டிவியில் பார்த்தது. அந்த அழுத்தத்தில் ஜூன் 27ஆம் தேதி சோயா ஏற்றுமதிக்கே தடை போட்டார் நிக்சன். முழுத் தடை சில நாள்தான். பிறகு உரிம முறை வந்தது, ஒப்பந்தம் போட்டிருந்த சோயாவில் பாதியை மட்டும் அனுப்பலாம் என்றார்கள். இலையுதிர் காலத்துக்குள் கட்டுப்பாடு எல்லாம் போய்விட்டது.

சில மாதம்தானே என்று தோன்றும். ஆனால் ஜப்பானை நினைத்துப் பாருங்கள். டோஃபு, மிசோ, சோயா சாஸ் என்று அவர்கள் சாப்பாடே சோயா, அதில் ஏறக்குறைய எல்லாம் அமெரிக்காவிலிருந்து வந்தது. போட்ட ஒப்பந்தத்தையே ஒரு கையெழுத்தில் பாதியாக்குவார்கள் என்றால் இவர்களை எப்படி நம்புவது? அடுத்த வருடமே ஜப்பானியப் பிரதமர் தனகா பிரேசிலுக்குப் போனார். அந்தப் பேச்சில் முளைத்ததுதான் பிரேசிலின் செராடோ புல்வெளியை விளைநிலமாக்கும் கூட்டுத் திட்டம். 1979இல் தொடங்கி 20 வருடத்துக்கு மேல் ஜப்பான் பணம் போட்டது.

செராடோ மண் அமிலத்தன்மை அதிகமுள்ள மண், எதுவும் விளையாது என்று ஒதுக்கி வைத்திருந்த பூமி. சுண்ணாம்பு கொட்டி மண்ணைச் சரி செய்தார்கள். சோயா மிதமான தட்பவெப்பப் பிரதேசத்துப் பயிர், பகல் நீளம் பார்த்துப் பூக்கும். அதை வெப்ப மண்டலத்துக்கு ஏற்ற மாதிரி பிரேசில் விஞ்ஞானிகள் மாற்றி எடுத்தார்கள். அன்றைய பிரேசில் விவசாய அமைச்சர் பாவ்லினெல்லிக்கும் மண் விஞ்ஞானி லோபாட்டோவுக்கும் 2006இல் உலக உணவுப் பரிசில் பங்கு கிடைத்தது இந்த வேலைக்காகத்தான்.

இன்று சீனாவுக்கு முக்கால்வாசி சோயாவை அனுப்பும் நாடு அது. அந்தப் போட்டியாளருக்கு உரம் போட்டதில் வாஷிங்டனின் பங்கு பெரிது. கடைக்காரர் ஒரு நாள் கடையைச் சாத்தினால் வாடிக்கையாளர் அடுத்த தெருவுக்குப் போவார். அங்கே கடை இல்லையென்றால், கடை வைக்க அவரே ஒருவருக்குப் பணம் கொடுப்பார்.

2025 அக்டோபர் 6

மேலே எழுதியதற்கு நல்ல மறுப்பு வந்திருக்கிறது: எம்ப்ராபா என்ற பிரேசில் ஆராய்ச்சி நிறுவனம் 1973 ஏப்ரலிலேயே தொடங்கிவிட்டது, நிக்சன் தடை ஜூனில்தான் வந்தது, ஆகவே தடை இல்லாமலும் பிரேசில் வளர்ந்திருக்கும் என்கிறார்.

தேதி சரி. உள்நாட்டுப் பகுதியைத் திறக்க வேண்டும் என்று பிரேசில் ராணுவ அரசு முன்பே முடிவு செய்திருந்தது, தெற்கு மாநிலங்களில் சோயாவும் ஏற்கெனவே பரவியிருந்தது. இரவு முழுக்க இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தோன்றுவது: பிரேசில் எப்படியும் வளர்ந்திருக்கும். ஆனால் வாங்குகிறவரே காத்திருந்து முதலீடு செய்கிற நிலைமை எல்லாப் பயிருக்கும் அமைவதில்லை. அந்த நிலைமையைத் தடை உண்டாக்கியது. எத்தனை வருடத்தை அது முன்னே இழுத்தது என்று அளந்து சொல்ல முடியாது.

இன்னொன்றும் கவனியுங்கள். எம்ப்ராபா பிரேசில் அரசாங்கத்தின் நிறுவனம். அங்கேயும் வேலையைச் செய்தது சந்தை மட்டும் இல்லை.

2025 அக்டோபர் 12

பெரியவரிடம் இந்த இழையைப் பற்றிச் சொன்னேன். 1973ஐ விட அவருக்கு 1980தான் ஞாபகம்.

சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் போனது 1979 டிசம்பரில். 1980 ஜனவரி 4ஆம் தேதி அதிபர் கார்ட்டர் சோவியத்துக்குப் போகவிருந்த 1.7 கோடி டன் தானியத்தை நிறுத்தினார். காபூலுக்கும் இல்லினாய் வயலுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்கு யாரும் கேட்கத் தேவையே இல்லாமல் போனது. சோவியத்துக்கு அர்ஜென்டினாவும் மற்றவர்களும் கொடுத்தார்கள். அடுத்த அதிபர் ரீகன் 1981 ஏப்ரலில் தடையை நீக்கினார்.

எண்பதுகளில் விவசாயிகள் திவாலானதற்கு இந்தத் தடைதான் காரணம் என்று இங்கே பலர் இன்றும் சொல்வார்கள். என் கணக்கில் அதைவிடப் பெரிய அடி மத்திய வங்கியிலிருந்து வந்தது. எழுபதுகளில் அரசாங்கமே இன்னும் விதையுங்கள், நிலத்தை விரியுங்கள் என்று தூண்டியது. உலகம் முழுக்க வாங்குகிறது, நிலம் விலை ஏறிக்கொண்டே போகிறது, வங்கி கூப்பிட்டுக் கடன் கொடுக்கிறது. 1979 ஆகஸ்டில் பால் வோல்க்கர் மத்திய வங்கியின் தலைவராக வந்து பணவீக்கத்தை அடக்க வட்டியை ஏற்ற விட்டார். 1980 டிசம்பரில் வங்கிகளின் முதன்மை வட்டி 21.5 சதவீதம். டாலர் வலுவானது, ஏற்றுமதி படுத்தது, நிலம் விழுந்தது. பக்கத்து மாநிலம் அயோவாவில் 1981இல் ஏக்கர் சராசரி 2,147 டாலர். 1986இல் 787. நிலத்தை அடகு வைத்தவர் நிலத்தை விற்றாலும் கடனை அடைக்க முடியாது.

வோல்க்கர் செய்தது தவறு என்று நான் சொல்லவில்லை. பணவீக்கம் அன்றைக்கு 13, 14 சதவீதத்தில் ஓடியது. யாரோ அந்த விலையைக் கொடுத்தாக வேண்டியிருந்தது. அதில் பெரும்பங்கை விவசாயியும் எஃகு ஆலைத் தொழிலாளியும் கொடுத்தார்கள். பெரியவரின் தம்பி அந்தச் சமயத்தில்தான் நிலத்தை விட்டார். அதைச் சொல்லும்போது அவர் இன்னும் குரலை இறக்கிக்கொள்கிறார்.

2025 அக்டோபர் 13

திருப்பூர் பற்றிக் கேட்டவருக்கு: 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீத இறக்குமதி வரி போட்டது. அதில் பாதி ரஷ்ய எண்ணெய் வாங்குவதற்கான தண்டனை. இதன் மறுபக்கத்தையும் கவனியுங்கள். பஞ்சுக்கான 11 சதவீத இறக்குமதி வரியை இந்தியா டிசம்பர் இறுதி வரை நீக்கியிருக்கிறது. டெக்சாஸ் பருத்தி விவசாயிக்கு அது நல்ல செய்தி. திருப்பூரில் பனியன் தைப்பது குறைந்தால் அவருக்கும் அது நல்ல செய்தியாக நீடிக்காது. இதைத் தனி இழையாகப் பேசலாம்.

2025 அக்டோபர் 26

விவசாயம் மட்டும்தானா என்று கேட்டிருந்தார்கள். எங்கள் இரட்டை ஊரான நார்மலில் ஒரு கார் ஆலை இருக்கிறது. அதன் வரலாறே அரசாங்க முடிவுகளின் வரலாறு.

1981இல் ரீகன் அரசின் நெருக்கடியால் ஜப்பான், வருடத்துக்கு 16.8 லட்சம் கார்தான் அமெரிக்காவுக்கு அனுப்புவோம் என்று தானே வரம்பு போட்டுக்கொண்டது. அனுப்ப முடியாவிட்டால் இங்கேயே செய்வோம் என்று ஜப்பானிய நிறுவனங்கள் ஆலை கட்டத் தொடங்கின. மிட்சுபிஷியும் கிரைஸ்லரும் சேர்ந்து நார்மலில் கட்டிய ஆலை 1988இல் ஓட ஆரம்பித்தது. நிலம், சாலை, வரிச் சலுகை என்று மாநில அரசும் அள்ளிக் கொடுத்தது. 2015இல் மிட்சுபிஷி மூடிவிட்டுப் போனது. அந்தக் குளிர்காலத்தில் ஊர் எவ்வளவு சோர்ந்து கிடந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் தெருவிலேயே விற்பனைப் பலகைகள்.

2017இல் ரிவியன் என்ற மின்சார வண்டி நிறுவனம் அந்தக் காலி ஆலையை 1.6 கோடி டாலருக்கு வாங்கியது. 2021இல் மின்சார வண்டிகள் வெளியே வந்தன. மறுபடி வேலை, மறுபடி வீடு கிடைக்காத நிலைமை. மின்சாரக் கார் வாங்குவோருக்கு மத்திய அரசு கொடுத்த 7,500 டாலர் வரிச் சலுகை அதற்கு ஒரு தூண். போன மாதம் 30ஆம் தேதியோடு அதை நிறுத்திவிட்டார்கள். எரிபொருள் சிக்கன விதியை மீறும் நிறுவனங்களுக்கான அபராதத்தையும் பூஜ்யமாக்கிவிட்டார்கள். அந்த விதியில் ரிவியனுக்கு மிச்சமாகும் புள்ளிகளை, அபராதத்துக்குப் பயந்து மற்ற நிறுவனங்கள் விலைக்கு வாங்கும், அந்த வருமானமும் போனது. இந்த வாரம் ரிவியன் சுமார் 600 பேரைக் குறைத்திருக்கிறது.

நல்ல வண்டியா, கெட்ட வண்டியா என்பதைச் சந்தை முடிவு செய்யட்டும். ஆனால் இந்த ஆலை திறந்ததிலும் இப்போது இளைப்பதிலும் வாஷிங்டனின் கை தெளிவாகத் தெரிகிறது.

2025 அக்டோபர் 31

நேற்று தென் கொரியாவின் பூசானில் டிரம்ப்பும் ஷி ஜின்பிங்கும் சந்தித்தார்கள். இந்த வருடம் முடிவதற்குள் 1.2 கோடி டன் சோயா, பிறகு மூன்று வருடத்துக்கு வருடம் 2.5 கோடி டன் சீனா வாங்கும் என்று அமெரிக்கத் தரப்பு சொல்கிறது. வருடம் 2.5 கோடி என்பது ஏறக்குறைய பழைய அளவுதான், புதிதாக எதுவும் கிடைக்கவில்லை. முன்பு ஒப்பந்தம் இல்லாமலே நடந்த வியாபாரத்தை, இப்போது இரண்டு அதிபர்கள் விமானம் ஏறிப் போய்ப் பேசி மீட்க வேண்டியிருக்கிறது.

ஆனாலும் சிகாகோ விலை இந்த மாதம் நன்றாக ஏறியிருக்கிறது. செப்டம்பரிலேயே விற்றவருக்கு அந்த ஏற்றத்தில் ஒன்றும் இல்லை. கிடங்கு வசதி உள்ள பெரிய விவசாயி காத்திருந்தார், வாங்கிய கடனுக்குத் தவணை கட்ட வேண்டிய சின்னவர் களத்திலேயே விற்றார். கொள்கை மாறும் வேகத்தில் யார் தாக்குப்பிடிப்பார் என்பதையும் கையிருப்புதான் தீர்மானிக்கிறது. இது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம்.

2025 நவம்பர் 16

இரண்டு செய்தி. 43 நாள் முடக்கம் 12ஆம் தேதி முடிந்தது. அதனால் அக்டோபர் மாத விளைச்சல் அறிக்கை வரவே இல்லை. அக்டோபர் விலைவாசிக் குறியீட்டுக்குக் கடைகளில் விலை சேகரிக்கவே ஆள் இல்லை. எத்தனை புஷல் விளைந்தது என்ற அரசாங்க எண் இல்லாமல் உலகச் சந்தை தடவிக்கொண்டு நடந்தது. சந்தைதான் எல்லாம் என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்: சந்தை நம்பிப் படிக்கிற எண்களில் பெரும்பாலானவற்றைத் தயாரிப்பது அரசாங்கம்.

மற்றது, 14ஆம் தேதி காபி, வாழைப்பழம், மாட்டிறைச்சி முதலியவற்றுக்கு இறக்குமதி வரியைத் தளர்த்தியிருக்கிறார்கள். அமெரிக்காவில் காபி விளைவது ஹவாய் போன்ற ஓரிரு இடங்களில் கொஞ்சம், அவ்வளவுதான். வரி போட்டால் எந்த அமெரிக்க விவசாயியைக் காப்பாற்றும்? நாங்கள் வழக்கமாக வாங்கும் காபிப் பொடி இந்த வருடம் ஏறிய ஏற்றம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பிரேசிலில் வறட்சி ஒரு காரணம், வரி இன்னொன்று.

2025 நவம்பர் 23

உங்கள் அண்ணன் பக்கம் இருக்கும் நியாயத்தையும் எழுத வேண்டும்.

2012இல் வறட்சி வந்து சோயா 17 டாலரைத் தாண்டியபோது அதில் எந்தக் கட்சிக்கும் பங்கு இல்லை. 2018 ஆகஸ்டில் சீனாவில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் தொடங்கி, அவர்கள் பன்றிக் கூட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழிந்தது. பன்றி இல்லையென்றால் பிண்ணாக்கு எதற்கு? அந்த இரண்டு வருட ஏற்றுமதிச் சரிவு முழுவதையும் வரியின் தலையில் கட்டுவது தவறு. அப்புறம், ஒரே கொள்கை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அடிப்பதும் இல்லை. எங்களுக்கு டிகேட்டரில் பெரிய சோயா அரைவை ஆலைகள் பக்கத்திலேயே இருக்கின்றன, இல்லினாய் ஆற்றில் படகு போக்குவரத்து இருக்கிறது. வடக்கு டகோட்டாக்காரருக்கு மேற்குக் கரைக்கு ரயில், அங்கிருந்து சீனா, அவ்வளவுதான் வழி. எலிவேட்டரில் அவருக்குக் கழிக்கும் பேசிஸ் எங்களைவிட மோசம்.

ஆனால் டிகேட்டர் ஆலைகள் ஏன் இவ்வளவு அரைக்கின்றன? சோயா எண்ணெயில் டீசல் செய்வதற்கு அரசு விதியும் வரிச் சலுகையும் இருப்பதால்தான் எண்ணெய்க்கு இந்தக் கிராக்கி. மக்காச்சோளமும் அப்படித்தான். 2005, 2007 சட்டங்களுக்குப் பிறகு பெட்ரோலில் எத்தனால் கட்டாயமானது, இன்று விளைச்சலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எத்தனாலுக்குப் போகிறது. சந்தை என்று நாம் காட்டுகிற இடத்திலெல்லாம் கொஞ்சம் தோண்டினால் ஒரு சட்டம் வருகிறது. நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் இதைப் பார்க்கவில்லை, விலை என்றால் விலை என்றுதான் நினைத்தேன். என் சம்பளமே அந்த வகைதான்: பயிர்க் காப்பீட்டு பிரீமியத்தில் சராசரியாக 60 சதவீதத்துக்கு மேல் மத்திய அரசு கட்டுகிறது. அது நின்றால் என் வேலையும் நிற்கும்.

2025 டிசம்பர் 11

மூன்று நாளுக்கு முன் மறுபடி 1,200 கோடி டாலர் உதவி அறிவித்திருக்கிறார்கள். 2018இன் அதே தொகை. நேற்று மத்திய வங்கி வட்டியைக் கால் சதவீதம் குறைத்து 3.50–3.75க்குக் கொண்டுவந்தது. விதைக்கும் உரத்துக்கும் கடன் வாங்குகிற பருவத்தில் அது கொஞ்சம் உதவும்.

பெரியவர் வீட்டில் இப்போது விதைக்குப் பதிவு செய்கிறார்கள். முன்பணம் கட்டினால் தள்ளுபடி, ஆகவே டிசம்பருக்குள் முடிவெடுத்தாக வேண்டும். மகன்களுக்குள் விவாதம். மூத்தவர், சீனா வாங்கும் என்கிறார்கள், சோயாவைக் குறைக்க வேண்டாம் என்கிறார். இளையவர், பூசானில் பேசியதற்குப் பிறகும் சீனாவில் அமெரிக்க சோயாவுக்கு 13 சதவீத வரி, பிரேசில் சோயாவுக்கு 3 சதவீதம், இதில் எந்த வியாபாரி தானாக நம்மிடம் வருவான் என்கிறார். அங்கே இப்போது வாங்குவது பெரும்பாலும் அரசு நிறுவனங்கள்தான், அதுவும் பெய்ஜிங் சொன்னதற்காக. இந்த வருடம் வரலாறு காணாத மக்காச்சோள விளைச்சல், ஆகவே அந்தப் பக்கம் சாய்ந்தாலும் விலை இல்லை.

எனக்கு இளையவர் சொல்வது சரியாகப் படுகிறது. கடைசியில் இருவரும் போன வருட அளவிலேயே சோயா விதைக்குப் பணம் கட்டிவிட்டார்கள். பயிர்க் காப்பீட்டு அடிப்படை விலை பிப்ரவரி இறுதியில்தான் தெரியும். வந்ததும் இங்கே எழுதுகிறேன். அதற்குள் நியூஜெர்சி அண்ணன் ஏதாவது சொன்னால் அதையும் போடுங்கள்.